பழைய கணினியில் கல்வி சிடி: "சிடியைப் போடு" என்றே கேட்கிறது, பாட்டும் வரவில்லை

கேள்வி: தாழ்வாரம்

வணக்கம். 1995-இல் வந்த சிறுவர் கல்வி சிடி, கணக்கும் புவியியலும். உறையில் போட்டிருக்கும் தேவை: விண்டோஸ் 3.1 அல்லது 95, 486 பிராசசர், 8 எம்பி ராம், 256 வண்ணம், இரட்டை வேக சிடி டிரைவ்.

கணினி: பென்டியம் 3 (500 மெகாஹெர்ட்ஸ்), 128 எம்பி ராம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. சிடியை இன்ஸ்டால் செய்தபோது ஒரே ஹார்ட் டிஸ்க். சிடி டிரைவ் 'டி'. பிறகு இரண்டாவது ஹார்ட் டிஸ்க் சேர்த்ததில் சிடி டிரைவ் 'இ' ஆகிவிட்டது.

இப்போதைய நிலை: சிடியைப் போட்டால் தானாக எதுவும் ஆரம்பிப்பதில்லை. ஐகானை அழுத்தினால் திரையை 256 வண்ணத்துக்கு மாற்றச் சொல்கிறது. மாற்றினால், சிடி உள்ளே இருக்கும்போதே "சிடியைப் போடு" என்கிறது. இரண்டாவது டிஸ்கைக் கழற்றிவிட்டால் திறக்கிறது. ஆனால் பேச்சு மட்டும் கேட்கிறது, பாட்டு இல்லை. வீடியோ வரவேண்டிய இடத்தில் குவிக்டைம் (வீடியோ ஓட்டும் மென்பொருள்) இல்லை என்கிறது. குவிக்டைம் 4 இருக்கிறது. அதனால்தான் இன்ஸ்டால் நேரத்தில் சிடியிலிருந்த குவிக்டைமை வேண்டாம் என்று சொன்னேன்.

இன்னொன்று. இதே வரிசையில் 1998-இல் வந்த அடுத்த சிடி, எக்ஸ்பி கணினியில் "இடம் போதவில்லை, 40 எம்பி தேவை" என்று நின்றுவிடுகிறது. அந்த ஹார்ட் டிஸ்கில் 30 ஜிபி காலி!

பதில் 1: மழைக்காகிதம்

குவிக்டைமின் கடைசிப் பதிப்பைப் போடுங்கள். சிடி முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்து அங்கிருந்தே ஓட்டுங்கள். அப்புறம் சிடியே தேவைப்படாது.

பதில் 2: இரும்புப்பெட்டி

மழைக்காகிதம் சொன்ன இரண்டும் இந்த சிடிக்கு உதவாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வோம். இங்கே நாலைந்து தனித்தனிச் சிக்கல்கள் ஒரே முடிச்சாகத் தெரிகின்றன.

தானாக ஆரம்பிக்காதது கோளாறே இல்லை. ஆட்டோரன் வசதி விண்டோஸ் 95-உடன்தான் வந்தது. 3.1-க்கும் சேர்த்துச் செய்த சிடியில் அதற்கான ஃபைல் பெரும்பாலும் இருக்காது. சிடியைத் திறந்து மேலடுக்கில் ஆட்டோரன் என்ற பெயரில் சின்ன ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கவலையை அத்தோடு விட்டுவிடலாம்.

"சிடியைப் போடு" என்பதற்குக் காரணம் டிரைவ் எழுத்து. 98 எழுத்து கொடுக்கும் வரிசை இப்படி: முதலில் எல்லா ஹார்ட் டிஸ்குகளின் பிரைமரி பார்ட்டிஷன்கள் (டிஸ்கைப் பிரித்த முதன்மைப் பகுதிகள்), அடுத்து எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் உள்ள லாஜிக்கல் டிரைவ்கள், எல்லாம் முடிந்த பிறகு சிடி. அதனால் டிஸ்கோ பார்ட்டிஷனோ ஒன்று கூடினால் சிடி ஒரு படி கீழே இறங்கும். இன்ஸ்டால் ஆகும்போது அந்தப் புரோகிராம் "என் சிடி இருப்பது டி" என்று எழுதி வைத்துக்கொண்டது. இன்றும் டி-யில்தான் தேடுகிறது. அங்கே இருப்பது உங்கள் இரண்டாவது டிஸ்க்.

எழுதி வைத்த இடம் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டரிலோ புரோகிராமின் ஃபோல்டரிலோ உள்ள ஐஎன்ஐ ஃபைல் (புரோகிராம் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் சின்ன ஃபைல்). ஃபைண்டில் ஐஎன்ஐ ஃபைல்களை மட்டும் தேடச் சொல்லி, இன்ஸ்டால் செய்த தேதியைக் கொடுத்தால் அகப்படும். நோட்பேடில் திறந்து டி என்று தொடங்கும் பாதைகளில் சிடியைக் குறிப்பவற்றை மட்டும் மாற்றினால் போதும். சி என்று தொடங்குபவற்றைத் தொடாதீர்கள். மாற்றுவதற்கு முன் அந்த ஃபைலுக்கு ஒரு நகல்.

ஆனால் நான் ஐஎன்ஐ-யைத் திருத்தச் சொல்லமாட்டேன். நாளைக்கு இன்னொரு பார்ட்டிஷன் வந்தால் மறுபடி இதே கதைதான். சிடிக்கு நிரந்தரமாக ஓர் எழுத்தை ஒதுக்குங்கள். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், டிவைஸ் மேனேஜர், சிடி டிரைவின் பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ் பக்கம். கீழே ரிசர்வ்டு டிரைவ் லெட்டர்ஸ் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், ஆரம்ப எழுத்து, முடிவு எழுத்து. இரண்டிலும் 'ஆர்' என்று ஒரே எழுத்தைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன்பின் அந்தப் புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்து புதிதாகப் போடுங்கள். எத்தனை டிஸ்க் மாட்டினாலும் சிடி அசையாது. (ஆட்டோ இன்சர்ட் நோட்டிஃபிகேஷனும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆட்டோரன் ஃபைல் இருந்தும் ஓடாத சிடிகளுக்கு அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.)

குவிக்டைம். 3.1-க்காக எழுதிய 16 பிட் புரோகிராமுக்கு 16 பிட் குவிக்டைம்தான் கண்ணில் படும், அதாவது 2-ஆம் வரிசைப் பதிப்புகள். 3-இலிருந்து விண்டோஸ் குவிக்டைம் 32 பிட் மட்டுமே. எனவே 4 இருந்தும் "இல்லை" என்று அது சொல்வது உண்மைதான். மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது சிடியிலுள்ள குவிக்டைமுக்குச் சரி என்று சொல்லுங்கள். 16 பிட்டும் 32 பிட்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் சரி என்றுவிடவும் கூடாது. சிடியில் வரும் பழைய டைரக்ட்எக்ஸ், விண்டோஸ் 3.1-க்கான வீடியோ ஃபார் விண்டோஸ் இரண்டும் வேண்டாம். அவை 98-லேயே புதிதாக இருக்கின்றன. நடுவில் "காப்பி செய்யும் ஃபைல் கணினியில் உள்ளதைவிடப் பழையது, இருப்பதையே வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டால் எப்போதும் யெஸ். இங்கே அவசரத்தில் நோ அழுத்திவிட்டுப் பிறகு வேறு ஏதோ புரோகிராம் விழுகிறதே என்று தேடுபவர்கள் அதிகம்.

256 வண்ணம்: திரைக்குரிய டிஸ்ப்ளே பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், கலர்ஸ். 256-உம் 640x480-உம். அந்தக் காலத்துப் புரோகிராம்கள் பல "குறைந்தது 256" என்று பார்ப்பதில்லை. சரியாக 256 இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. 8 பிட் திரையில் வண்ணங்களின் அட்டவணையை மாற்றியே நீர் ஓடுவது, விளக்கு மினுக்குவது எல்லாம் செய்வார்கள். 16 பிட் திரையில் அந்த அட்டவணையே கிடையாது.

இனி, ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்வது ஏன் உதவாது? பல புரோகிராம்கள் டிரைவ் சிடி வகைதானா என்றும், சிடியின் வால்யூம் பெயர் (சிடிக்கே வைத்த பெயர்) பொருந்துகிறதா என்றும் பார்க்கும். ஃபோல்டருக்கு அந்த இரண்டும் இல்லை. சிடியில் பாட்டு தனி டிராக்காக இருந்தால் ஃபைல் காப்பியில் அது வரவே வராது. மேலும் 98-இல் சிடியிலிருந்து காப்பியாகும் ஃபைல்கள் ரீட் ஒன்லி முத்திரையோடே வந்து இறங்கும். புரோகிராம் ஓடும், ஆனால் குழந்தையின் பெயரும் மதிப்பெண்ணும் பதிவாகாது. காப்பி செய்தே ஆகவேண்டிய சிடி என்றால் அந்த ஃபோல்டரில் ஆட்ரிப் கட்டளையால் ரீட் ஒன்லியை நீக்கிவிட வேண்டும், உள் ஃபோல்டர்களையும் சேர்த்து.

பதில் 3: செவிச்சாய்வு

பாட்டு பற்றி மட்டும். பேச்சு வேவ் ஃபைல், அது சவுண்ட் கார்டு வழியாக நேரே வருகிறது. பாட்டு இரண்டு விதமாக இருக்கலாம்.

சிடியை உள்ளே வைத்து விண்டோஸின் சிடி பிளேயரைத் திறங்கள். டிராக் 2, 3 என்று வரிசையாகக் காட்டினால் அது கலப்பு சிடி: முதல் டிராக் டேட்டா, மற்றவை சாதாரண இசை சிடி போல. டிராக் 1-ஐ ஓட்டிப் பார்க்காதீர்கள், ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல் வரலாம். 2-ஐ ஓட்டிவிட்டு, சிடி டிரைவின் முன்பக்க ஹெட்ஃபோன் துளையில் ஹெட்ஃபோனைச் செருகுங்கள். அங்கே கேட்டு ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால் இரண்டே காரணங்கள். ஒன்று, வால்யூம் கண்ட்ரோலில் சிடி ஆடியோ மியூட் ஆகியிருக்கும். அது சரியாக இருந்தால், டிரைவின் பின்பக்கத்திலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகவேண்டிய நான்கு பின் ஆடியோ கேபிள் மாட்டப்படவில்லை. பழைய டிரைவ் இசை டிராக்கைத் தானே ஒலியாக மாற்றி அந்தக் கேபிளில்தான் அனுப்புகிறது. டேட்டா கேபிளுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. டிரைவை மாற்றும்போது இந்தக் கேபிளை மறந்துவிடுவது சகஜம்.

கேபிள் கிடைக்காவிட்டால்: கண்ட்ரோல் பேனலில் மல்டிமீடியா, சிடி மியூசிக் பக்கத்தில் டிஜிட்டல் சிடி ஆடியோ என்ற டிக். டிரைவ் அதற்கு ஒத்துவந்தால் கேபிள் இல்லாமலே ஒலிக்கும். எக்ஸ்பியில் இதே டிக் டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவின் பிராப்பர்ட்டீஸுக்குள் இருக்கும்.

சிடி பிளேயர் ஒரு டிராக்கும் காட்டவில்லை என்றால் பாட்டு மிடி வடிவில் (இசைக்குறிப்புகள் மட்டும் இருக்கும், சவுண்ட் கார்டே வாசிக்கும்) இருக்க வாய்ப்பு. மல்டிமீடியாவில் மிடி பக்கத்தில் சவுண்ட் கார்டின் மிடி சாதனம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். மிடி ஸ்லைடர் வால்யூம் கண்ட்ரோலில் தனி.

பதில் 4: எண்சாவடி

எக்ஸ்பியில் 30 ஜிபி காலி இருந்தும் "இடம் போதவில்லை" என்பது கணக்குப் பிழை. செட்டப்புக்கு இடமில்லாமல் இல்லை, எண்ணத் தெரியவில்லை.

பழைய செட்டப்புகள் காலி இடத்தை 32 பிட் எண்ணாக, அதுவும் குறி உள்ள எண்ணாக வைத்துக்கொள்கின்றன. அதில் 2 ஜிபி வரைதான் நேர் எண். அதைத் தாண்டினால் எதிர் எண். 4 ஜிபி ஆனதும் சுற்றி மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். ஆகவே காலி இடத்தை 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 30-ஐ வகுத்தால் மீதி 2. அதாவது உங்கள் செட்டப் பார்ப்பது எதிர் எண்ணை. 40 எம்பியைவிடக் குறைவு, அதனால் நின்றுவிடுகிறது. மீதி 0-க்கும் 2-க்கும் நடுவில், 40 எம்பிக்கு மேல் இருந்தால் ஒத்துக்கொள்ளும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புகார்களில் சில இந்த வகைதான்.

முதல் வைத்தியம்: செட்டப் ஃபைல்மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, விண்டோஸ் 95. அந்த முறையில் எக்ஸ்பி காலி இடத்தை 2 ஜிபிக்கு மேல் சொல்லாது. சிடியில் உள்ள ஃபைலுக்கு அந்தப் பக்கம் வரவில்லை என்றால் செட்டப் ஃபோல்டரை டிஸ்குக்கு நகலெடுத்துச் செய்யுங்கள்.

கேட்கவில்லையென்றால் இடத்தை நிரப்புங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்து கட்டளைத் திரையில் எஃப்எஸ்யூட்டில் கருவியின் ஃபைல், கிரியேட்நியூ வசதியால் 1073741824 பைட் அளவில் ஒரு வெற்று ஃபைல் உருவாக்கினால் காலி இடம் 29 ஜிபி ஆகும். மீதி 1. இன்ஸ்டால் முடிந்ததும் அழித்துவிடலாம்.

98-இல் இது அரிது. பழைய முறையில் கேட்கும் புரோகிராமுக்கு 98 தானாகவே 2 ஜிபிக்கு மேல் பதில் சொல்வதில்லை.

எக்ஸ்பியில் இன்னும் இரண்டு. இன்ஸ்டால் செய்வதும் முதல்முறை ஓட்டுவதும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருக்கட்டும். லிமிடெட் கணக்கில் ஓட்டினால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத அனுமதி இல்லாமல் மதிப்பெண் பதிவில் விழும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுத அனுமதி கொடுத்தால் தீரும். 256 வண்ணமும் 640x480-உம் அதே கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் டிக்குகளாக இருக்கின்றன. கண்ட்ரோல் பேனலில் தேடாதீர்கள், அங்கே 16 பிட்டுக்குக் கீழே காட்டாது.

மறுபதிவு: தாழ்வாரம்

சிடிக்கு 'ஆர்' ஒதுக்கி, புதிதாக இன்ஸ்டால் செய்ததில் "சிடியைப் போடு" போய்விட்டது. குவிக்டைம் 2 வந்ததும் வீடியோ வருகிறது. ஹெட்ஃபோனில் பாட்டு கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை; பெட்டியைத் திறந்தால் செவிச்சாய்வு சொன்ன கேபிளே இல்லை. டிஜிட்டல் டிக் போட்டதில் ஒலிக்கிறது. எக்ஸ்பியில் விண்டோஸ் 95 முறையே போதுமாக இருந்தது.

கடைசியாக ஒரு டாஸ் சிடி, தட்டச்சுப் பயிற்சி. 98-இன் எம்எஸ்-டாஸ் மோடுக்குப் போனால் சிடி டிரைவே இல்லை. விண்டோஸுக்குள் டாஸ் திரையில் ஓட்டினால் "ரன்டைம் எரர் 200".

பதில் 5: இரும்புப்பெட்டி

இரண்டுக்கும் தொடர்பில்லை.

டாஸ் மோடில் விண்டோஸின் சிடி டிரைவர் கிடையாது, டாஸுக்கு உரியதை நாம்தான் ஏற்றவேண்டும். 98-இன் பூட் ஃபிளாப்பியில் ஓக்சிடிராம் என்ற டிரைவர் ஃபைல் இருக்கிறது. ஐடிஇ சிடி டிரைவ்களில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். அதை சி-க்கு நகலெடுத்து, கான்ஃபிக் ஃபைலில் டிவைஸ் வரியாகச் சேர்த்து, கடைசியில் ஸ்லாஷ் டி போட்டு ஒரு பெயர் கொடுங்கள். வழக்கமாக எம்எஸ்சிடி001.

அடுத்த வரி எம்எஸ்சிடிஎக்ஸ், சிடிக்கு டாஸில் டிரைவ் எழுத்து கொடுக்கும் புரோகிராம். அது விண்டோஸ் ஃபோல்டருக்குள் கமாண்ட் ஃபோல்டரில் தயாராக இருக்கிறது. அதிலும் ஸ்லாஷ் டி போட்டு அதே பெயர். ஓர் எழுத்து மாறினாலும் டிரைவ் வராது, இங்கேதான் பாதிப்பேர் சறுக்குவது. ஸ்லாஷ் எல் போட்டு 'ஆர்' கொடுத்தால் டாஸிலும் விண்டோஸிலும் சிடிக்கு ஒரே எழுத்து. இந்த வரியை ஆட்டோஎக்ஸெக்கில் போடாமல், விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள டாஸ்ஸ்டார்ட் பேட்ச் ஃபைலில் போடுங்கள். ரீஸ்டார்ட் இன் எம்எஸ்-டாஸ் மோட் கொடுக்கும்போது மட்டும் அது ஓடும், விண்டோஸுக்குத் தொந்தரவில்லை. எழுத்து போதவில்லை என்று செய்தி வந்தால் கான்ஃபிக்கில் லாஸ்ட்டிரைவ் வரி எங்கே நிற்கிறது என்று பார்த்து இசட் ஆக்குங்கள்.

இத்தனையும் ஏற்றியபின் 640 கேபி நினைவகத்தில் இடம் குறையும். மெம் கட்டளையை ஸ்லாஷ் சி-யோடு ஓட்டினால் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். ஹைமெம், இஎம்எம்386 என்ற நினைவக டிரைவர்கள் இரண்டையும் ஏற்றி, டாஸ் ஹை யுஎம்பி வரி சேர்த்து, சிடி டிரைவரை டிவைஸ்ஹை மூலம் மேலே அனுப்புங்கள்.

எரர் 200 கணினியின் வேகத்தால் வருவது. அது டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம். ஆரம்பிக்கும்போது 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓடமுடிகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கிறது. வேகமான பிராசசரில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது, பிராசசர் வகுத்தல் பிழை என்று நிறுத்திவிடும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸிலிருந்தே இந்தத் தொல்லை ஆரம்பம், உங்களுடையது 500. இதற்கென்றே எக்ஸீ ஃபைலைத் திருத்தும் சிறு பேட்ச் கருவிகள் உண்டு. சிடியில் எழுதமுடியாது, எனவே புரோகிராமை டிஸ்குக்கு நகலெடுத்து, ரீட் ஒன்லியை நீக்கி, நகலைத் திருத்துங்கள். இல்லாவிட்டால் பயாஸில் கேஷ் (பிராசசரின் வேக நினைவகம்) இரண்டையும் அணைத்துப் பாருங்கள், கணினி ஆமை வேகத்துக்கு வந்துவிடும். தட்டச்சுப் பயிற்சிக்கு அது தாராளம்.

பதில் 6: நாணல்வட்டு

எல்லாம் ஓடுகிற இப்போதே சிடிகளை இமேஜாக, அதாவது சிடி முழுவதின் பிரதியான ஃபைலாக எடுத்துவையுங்கள். பாட்டு டிராக் உள்ள சிடியை ஐஎஸ்ஓ-வாக எடுத்தால் டேட்டா டிராக் மட்டும்தான் வரும். 'பின்' (bin), 'கியூ' (cue) என்ற ஃபைல் ஜோடியாக எடுக்கவேண்டும். நாளை 64 பிட் விண்டோஸுக்கு மாறினால் 16 பிட் புரோகிராம் எந்த கம்பாட்டிபிலிட்டி டிக்குக்கும் மசியாது. புரோகிராம் 32 பிட்டாகவே இருந்தாலும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருந்து காலை வாரும் சிடிகளும் உண்டு. அப்போது இந்த இமேஜை டாஸ்பாக்ஸிலோ (பழைய டாஸ் கணினியைப் போல இயங்கும் மென்பொருள்), 98 போட்ட விர்ச்சுவல் கணினியிலோ மாட்டிக்கொள்ளலாம். டாஸ்பாக்ஸில் ஐஎம்ஜிமவுண்ட் (imgmount) கட்டளைக்கு கியூ ஃபைலைக் கொடுத்தால் பாட்டும் சேர்ந்து வரும். எரர் 200 வந்தால் கண்ட்ரோல் எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

இமேஜ் எடுக்கும்போது ஓரிடத்தில் நின்றால் சிடியைத் துடையுங்கள், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாக. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் டிராக்கின் போக்கிலேயே விழும், டிரைவின் பிழை திருத்தும் கணக்கு அதைத் தாங்காது. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் செய்யலாம், அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது. பெயர் அச்சடித்த மேல்பக்கம்தான் ஆபத்தானது. அதன் அடியிலேயே பிரதிபலிக்கும் படலம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஊசித்துளை தெரிந்தால் அந்த இடத்து டேட்டா போனதுதான். நடுத்துளையைச் சுற்றி விரிசல் கண்ட சிடியை 52x டிரைவில் போடவே வேண்டாம். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் போகும் இடம் அது, உள்ளேயே உடைந்து டிரைவையும் கெடுக்கும். வேகம் குறைந்த பழைய டிரைவில் எடுங்கள்.

நகல் எழுதினால் சிடி-ஆர் வட்டில் எழுதுங்கள். சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம், அது ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு, இரட்டை வேகக் காலத்து டிரைவ்கள் அதை வெற்றுத் தட்டாகவே பார்க்கும். வால்யூம் பெயர் மாறக்கூடாது.